ஒழுகட்டும் என்று விட்டேன்

உங்கள் ஜீப்பை முதலில் ஒரு நல்ல பட்டறையில் காட்டுங்கள், மேடம். என்னை இங்கே கூட்டிக்கொண்டு வரும்போது, ஸ்டேஷன் கேட்டுக்குள் டிரைவர் வண்டியை ஒடித்துத் திருப்பினார் இல்லையா, அப்போது ஒரு முனகல் கேட்டது. பவர் ஸ்டீயரிங் பம்ப். ஆயில் குறைந்தால் அப்படித்தான் முனகும். பயப்பட ஒன்றுமில்லை. முனகும்போதே பார்த்துவிட்டால் சின்ன வேலை.

என் தம்பியின் காரும் முதலில் அப்படித்தான் முனகியது.

தம்பியை வீட்டில் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்திக் கொடுப்பான். அந்தக் கார் எங்கள் அப்பாவுடையது. அப்பா போன பிறகு பட்டறை எனக்கு, கார் அவனுக்கு என்று பிரித்துக்கொண்டோம். பிரித்துக்கொண்டோம் என்பதுகூடச் சரியில்லை. நான் சொன்னேன், அவன் தலையாட்டினான். பட்டறை கீழே, வீடு மேலே. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடேயே இருந்தான்.

அவனுக்கு இடது கை முழுதாக நீளாது. சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து முழங்கை உடைந்தது, கோணலாகக் கூடிவிட்டது. லென்ஸ் வேலைக்கு அது போதும். பாரமாக எதையும் பிடித்து இழுக்க வராது. அப்பாவின் காரில் பவர் ஸ்டீயரிங் இருந்ததால்தான் அவனால் கார் ஓட்டவே முடிந்தது. வலது கையால் திருப்புவான். இடது கை பேருக்குச் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காலையில் காரைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, "அண்ணா, திருப்புறப்பல்லாம் வண்டி அழுவுது. கீழ வேற செவப்பா ஏதோ சொட்டுது" என்றான்.

"ரத்தமா இருக்கும். வயசாயிடுச்சில்ல" என்றேன்.

சிரித்தான். நான் தமாஷாகப் பேசுகிற ஆள்தான், மேடம். பட்டறைப் பக்கம் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

பானட்டைத் திறந்து பார்த்தேன். ஆயில் கசியாமல் அடைத்துவைக்கும் ரப்பர் வளையம், பம்பின் சீல், தேய்ந்துவிட்டிருந்தது. இந்த ஆயில் சிவப்பாக இருக்கும். பம்பின் அடிவயிற்றிலிருந்து மெல்லக் கசிந்து, கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தில் வழிந்து, அதன் முனையில் ஒரு சொட்டாகத் தொங்கி, மனமில்லாமல் விழும். பழைய மாடல் வண்டி. சீலை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகும். பம்பையே மாற்றுவதுதான் ஒழுங்கான வேலை. உதிரி பாகக் கடைக்காரரிடம் சொல்லிவைத்தேன். இதுவரைக்கும் என் மனதில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை.

வண்டியை உள்ளே தள்ளி நிறுத்தியபோதுதான் பின்சீட்டைப் பார்த்தேன்.

அதற்கு முன்னால் என் மனைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் எங்கள் பெண் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கோபித்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தும்போது அவள் விரல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. குடும்பம் என்றால் இதெல்லாம் நடப்பதுதான். அதைப் போய்ப் பெரிதாக்கிவிட்டாள். அவள் அம்மா வீட்டில் கேட்டேன். இல்லை என்று கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னார்கள். அவளுடைய சிநேகிதிகளைக் கேட்டேன். ஒருத்தியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாப்பாவின் பள்ளிக்கூடத்தில், "வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். பெற்ற தகப்பனிடம் கேட்கிற கேள்வியா அது?

அவள் என்னைச் சந்தேகப் பேர்வழி என்பாள். நான் சந்தேகப்படுகிறவன் இல்லை. சரிபார்க்கிறவன். சக்கரத்தின் நட்டு எல்லாம் இறுகியிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்தால் பொறுப்பான மெக்கானிக் என்கிறார்கள். கடைக்குப் போனவள் ஏன் இவ்வளவு நேரம் கழித்து வருகிறாள், போனில் யாரிடம் என்ன பேசினாள் என்று வீட்டில் பார்த்தால் மட்டும் அதற்குப் பெயர் மாறிவிடுகிறது. பார்க்கிற கண் ஒன்றுதானே.

பின்சீட்டில் பெல்ட்டின் ஓரம் கடிபட்டிருந்தது.

பாப்பாவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. காரில் உட்கார வைத்துப் பெல்ட் போட்டால், பட்டையின் ஓரத்தை வாயில் வைத்து அணில் மாதிரி கொறித்துக்கொண்டே வருவாள். பழைய கடி காய்ந்து விறைப்பாக இருக்கும். இது பிசுபிசுப்பாக, நூல் பிரிந்து, புதிதாக இருந்தது. நான் அதை விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனேன்.

சின்னவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"உங்க அண்ணிகிட்டேர்ந்து ஏதாவது தகவல் உண்டாடா?"

"எனக்கு எப்படிண்ணா தெரியும்? தெரிஞ்சா உன்கிட்ட சொல்ல மாட்டேனா?"

தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். பொய் சொல்லும்போது அவன் காது மடல் சிவக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அன்றைக்கு இரண்டு காதும் சிவந்திருந்தன.

"அதானே" என்றேன். "நீ சொல்லாம இருப்பியா?"

வேறொருவன் என்றால் கழுத்தைப் பிடித்திருப்பான். நான் குரலைக்கூட உயர்த்தவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கினால் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான், அவளுக்குத்தான் எச்சரிக்கை போகும். அவள் இன்னும் தூரமாகப் போவாள். அன்று பின்னேரம் உதிரி பாகக் கடைக்காரர் பம்ப் வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார். போய் வாங்கி வந்தேன். பட்டறையில் பழைய டயர்கள் அடுக்கியிருக்கும் மூலையில், டயர்களுக்குப் பின்னால் வைத்தேன். சின்னவனிடம், "இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸ் வர்றதே இல்லையாம். சொல்லி வச்சிருக்கேன். அதுவரைக்கும் ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டிக்கலாம்" என்றேன்.

"பரவால்லண்ணா. ஓடுதுல்ல" என்றான்.

பம்ப் கொஞ்சம் நாணத்தோடு சொட்டிக்கொண்டிருந்தது. அது போதாது. ஆயில் திரும்பி வரும் ரப்பர் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். ஒழுகட்டும் என்று விட்டேன்.

அதன் பிறகு தினமும் காலையில் அவன் கிளம்புவதற்கு முன்னால் நானே கீழே இறங்கிப் போய் ஆயிலை நிரப்பி வைப்பேன். ஒருநாள் மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "உனக்கு எதுக்குண்ணா சிரமம்? எழுப்பியிருந்தா நானே ஊத்தியிருப்பேனே" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அண்ணி போன பிறகு அண்ணன் திருந்திவிட்டான் என்று நினைத்திருப்பான்.

ஆயில் ஒழுகுகிற வண்டி எங்கேயும் ஒளிய முடியாது. ஓடும்போது சொட்டு சிதறிப் போகும், கண்ணுக்கே தெரியாது. நின்ற இடத்தில் குளம் கட்டிவிடும். கொஞ்ச நேரம் நின்றால் பொட்டு அளவு. நின்று பேசி, சாப்பிட்டு, குழந்தையோடு விளையாடிவிட்டுக் கிளம்பினால் தட்டு அளவு. என்ஜின் ஆயில் கறுப்பாக இருக்கும், எல்லா வண்டியும் சிந்தும். சிவப்பு அப்படி இல்லை. மீட்டரைப் பார்த்தால் எவ்வளவு தூரம் போனான் என்று தெரியும். தரையைப் பார்த்தால் எந்தப் பக்கம் போனான் என்று தெரியும். வேலைக்குப் போய்வரும் தூரத்தைவிட மீட்டர் கூடுதலாகக் காட்டுகிற நாளுக்கு மறுநாள், நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினேன். சிக்னலில் அவன் எந்த வரிசையில் நின்றான், எந்தத் திருப்பத்தில் தயங்கினான், எல்லாம் தரையில் இருந்தது. ஒரு தடவை மழை பெய்து எல்லாவற்றையும் கழுவிவிட்டது. நான் ஆத்திரப்படவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கடைசியில் பழைய அச்சகத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய தெருவில் தட்டு அளவுக் கறை கிடைத்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, பழசும் புதுசுமாக. கீழே துணி இஸ்திரி போடும் கடை, மேலே ஒரே ஒரு அறை கட்டிய வீடு. நான் எதிரில் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் நிழலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பாயை உதறினாள். இஸ்திரிக்கடைக்காரம்மா ஏதோ சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டிருந்தாள் என்றால் நான் நேராகப் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். என் வீட்டில் இருந்த அத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்படியானால் இத்தனை நாளும் அந்தச் சிரிப்பை எங்கே ஒளித்து வைத்திருந்தாள்?

அடுத்த நாள் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு அந்த இஸ்திரிக்கடைக்குப் போனேன். என் மனைவி வெளியே போகிறவரைக்கும் தெரு முனையில் காத்திருந்துவிட்டுத்தான் போனேன்.

"மேல வீடு காலியாம்மா? வாடகைக்குத் தேடிட்டிருக்கேன்."

"காலியெல்லாம் இல்ல. ஒரு பொண்ணும் கொழந்தையும் இருக்காங்க" என்றார் அந்த அம்மா, சட்டையின் காலரை அழுத்திக்கொண்டே.

"தனியாவா?"

"அண்ணன் ஒருத்தர் வந்து பாத்துக்குவார். கை கொஞ்சம் வளைஞ்சிருக்கும். தங்கமான மனுஷன். வந்தா கொழந்த அவர் தோள்ல இருந்து எறங்காது."

"அண்ணனா?"

"அண்ணனோ தம்பியோ, கூடப் பொறந்த மாதிரிதான்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். நகத்தில் கிரீஸ் இருந்தது. "நீங்க எங்க வேல செய்யிறீங்க?"

"ஒரு பட்டறையில."

"என்ன பட்டறை?"

சட்டை அப்படியே இருக்கட்டும், பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர்தான் உங்களிடம் என்னை அடையாளம் காட்டியவர் என்று நினைக்கிறேன். கெட்டிக்காரம்மா. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அன்றிலிருந்து சின்னவன் மாறிவிட்டான். இஸ்திரிக்கடைக்காரம்மா மேலே சொல்லியிருப்பார். காரை அந்தத் தெருவில் நிறுத்துவதில்லை. அச்சகத்துக்கு முன்னால் பெரிய சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனான். நிறுத்தும்போது அட்டைப்பெட்டியைக் கிழித்துக் காருக்கு அடியில் போட்டுவைத்து, கிளம்பும்போது எடுத்துப் போனான். அட்டையில் சிவப்பு ஆயில் ஊறியிருந்ததை டிக்கியில் பார்த்தேன். ஆயில்தான் காட்டிக்கொடுக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் உஷாரானது எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குப் புரிந்துவிட்டதா என்பதுதான் தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில், ஒருவன் முகத்தை மற்றவன் பார்க்காமல் சாப்பிட்டோம்.

"நேத்து மத்தியானம் எங்க கண்ணாடிக் கடைக்கு வந்தியாண்ணா? அந்தப் பக்கம் உன் ஸ்கூட்டர் மாதிரி இருந்துச்சு" என்று ஒருநாள் கேட்டான்.

"என் ஸ்கூட்டர் மாதிரி ஊர்ல ஆயிரம் இருக்கு."

"ஆமாமா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "வண்டிய வேற ஏதாவது பட்டறையில காட்டலாம்னு பாக்குறேன். உனக்கும் வேலை தலைக்குமேல இருக்கு" என்றான்.

காது சிவக்கவில்லை. இது பொய் இல்லை.

அந்த வாரம் கண்ணாடிக் கடை முதலாளி தன் வண்டியை என்னிடம் விட வந்தார். பேச்சுவாக்கில், "உங்க தம்பி லீவு கேட்டிருக்காரே. மலைக்கு அந்தாண்ட ஏதோ வீடு பாத்திருக்காராமே. நீங்க எல்லாரும் மாறிப் போறீங்களா என்ன?" என்றார்.

"ஆமா, யோசனை இருக்கு" என்றேன்.

மலைக்கு அந்தப் பக்கம். அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டால் நான் எந்தத் தரையைப் பார்த்துக்கொண்டு போவது?

நான் அவனிடம் பேசியிருக்கலாம் என்று நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள். பேசிப் பயன் இல்லை, மேடம். அவன் பிடிவாதக்காரன். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்தான் என்று சொன்னேனே, அன்றைக்கும் பிடிவாதம்தான். என் பம்பரத்தை எடுத்துக்கொண்டு தரமாட்டேன் என்று படியில் ஓடினான். அவன் கை என் கையில் இருந்தது. நான் பிடித்து முறுக்கினேன். கொடுத்திருந்தால் விட்டிருப்பேன். விழுந்ததால் உடையவில்லை, முறுக்கியதால் உடைந்து அதன் பிறகு விழுந்தான் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. சின்னவனும் விழுந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னான். இன்றுவரைக்கும், அதாவது அன்றுவரைக்கும், அப்படியே சொல்லிக்கொண்டிருந்தான்.

கதவு விஷயமும் அப்படித்தான். அவள் கை அங்கே இருந்தது எனக்குத் தெரியும். கையை எடு என்று சொல்லிவிட்டுத்தான் சாத்தினேன். எடுக்கவில்லை.

சின்னவன் லீவு போட்டிருந்த நாளுக்கு முந்தின நாள், மத்தியானமே அவன் கடைக்குப் போன் செய்தேன். "பார்ட்ஸ் வந்துடுச்சுடா. வண்டிய கொண்டு வா, மாத்திடலாம்" என்றேன். உடனே வந்தான். டயர்களுக்குப் பின்னாலிருந்து பம்பை எடுத்தேன். பெட்டிமேல் தூசி இருந்ததைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

அவன் எதிரிலேயே செய்தேன். பம்பை ஓட்டும் பெல்ட்டைத் தளர்த்தி, பழைய பம்பைக் கழற்றி, ஹோஸ்களைக் கழுவி, புது வாஷர் போட்டு, புதுப் பம்பைப் பொருத்தினேன். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்து, ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு பம்ப் மாற்றியதில்லை. அவன் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். முடிந்ததும் உட்கார்ந்து ஒரே விரலால் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தான்.

"வெண்ணெய் மாதிரி போவுதுண்ணா" என்றான். குழந்தை மாதிரிச் சிரித்தான்.

"கையக் கழுவிட்டு வா. ஒரு தடவ எல்லாத்தையும் சரிபாத்துடறேன்" என்றேன்.

அவன் உள்ளே போனான். பம்பிலிருந்து ஸ்டீயரிங்குக்கு அழுத்தத்தோடு ஆயில் போகும் குழாயின் நட்டை நான் ஏற்கெனவே முழுதாக முறுக்கியிருந்தேன். இப்போது ஸ்பேனரை வைத்து அதைத் தளர்த்தினேன். எவ்வளவு தளர்த்தினால் ஊருக்குள் பிடித்துக்கொண்டு நிற்கும், எவ்வளவு தளர்த்தினால் மலையில் ஒடித்துத் திருப்பும்போது விட்டுவிடும் என்று கைக்குத் தெரியும்.

கை கழுவிவிட்டு வந்தவன் பானட்டின்மேல் சாய்ந்து நின்றான். துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஈரமே இல்லை, இருந்தும் துடைத்தான்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா நெஞ்சுல வச்சிருக்கேன். நீ கோவப்படக் கூடாது."

அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். நான் ஆயில் நிரப்பி வைத்தது, இந்தப் பம்பை மாற்றிக்கொடுத்தது, எல்லாம் சேர்ந்து அவனைக் கரைத்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். சொன்ன பிறகு நான் ஸ்பேனரை எடுத்து நட்டை மறுபடி முறுக்க வேண்டியிருக்கும்.

"நாளைக்கு எங்கயோ போறியாமே. போயிட்டு வந்து சொல்லு" என்றேன். "இப்பப் பசிக்குது."

அவன் என் தோளைத் தொட்டான். வளைந்த கையால்தான்.

மறுநாள் காலையில் அவன் கிளம்புவதற்கு முன்னால் நான் கிளம்பினேன். அந்தத் தெருவுக்குப் போய், பூட்டிய கடையின் நிழலில் நின்றேன். சின்னவன் வந்தான். இந்தத் தடவை காரை வீட்டு வாசலிலேயே நிறுத்தினான். ஒழுகாத வண்டி, பயம் போய்விட்டது.

நேற்று உங்களிடம் வேறு மாதிரி சொன்னேன். அவன் மட்டும்தான் போவான் என்று நினைத்தேன், வண்டி வழியில் நின்றுபோகும், அவன் எனக்குப் போன் செய்வான், நான் போய் உதவுவேன், அதோடு மலைக்கு அந்தப் பக்கம் போகிற எண்ணத்தை விட்டுவிடுவான் என்று. எழுதியும் கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். பவர் ஸ்டீயரிங் போனால் வண்டி நிற்காது. ஓடிக்கொண்டேதான் இருக்கும். திரும்பத்தான் திரும்பாது. இரண்டு கையும் நன்றாக இருக்கிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிவிடுவான். ஒரு கைக்காரனால் முடியாது. இறக்கத்தில், வளைவில், நிச்சயம் முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

இதையெல்லாம் நான் சொல்லாமலேயே இருந்திருக்கலாம். பழைய வண்டி, மலைப்பாதை, முடிந்தது கதை என்று எல்லோரும் போயிருப்பார்கள். வண்டியைப் பரிசோதித்த அதிகாரி, "நட்டைச் சரியாக முறுக்கவில்லை, மெக்கானிக்கின் கவனக்குறைவு" என்று சொன்னாராம். பட்டறைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் என்னிடமே அதைச் சொல்லி அனுதாபப்பட்டார். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் ஒரு நட்டைக்கூட நான் மறந்ததில்லை. அது கவனக்குறைவு இல்லை. அப்படி எழுதாதீர்கள்.

சின்னவன் அந்த மலை வளைவிலேயே உயிரை விட்டுவிட்டான். என் மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பாப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது பாப்பா கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டேன், வரவில்லை. என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க எங்க இருக்கோம்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்றாள்.

"விபத்துன்னு தகவல் வந்துச்சு. ஓடி வந்தேன்."

"விபத்தக் கேக்கல" என்றாள். நர்ஸைக் கூப்பிட்டு, என்னை வெளியே அனுப்பச் சொன்னாள். அன்றைக்கே உங்களுக்கும் சொல்லி அனுப்பினாள் என்று பிறகு தெரிந்தது.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் மூன்று பேரும் காரில் ஏறியதை நான் பார்த்தேனா என்று கேட்டீர்கள். பார்த்தேன். முதலில் சின்னவன் இரண்டு பையைக் கொண்டுவந்து டிக்கியில் வைத்தான். பிறகு என் மனைவி இறங்கி வந்து இஸ்திரிக்கடைக்காரம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பாப்பா கடைசியாக வந்தாள். உயரமாகிவிட்டிருந்தாள். ஒரு பல் விழுந்திருந்தது. சின்னவன் அவளைத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டுவிட்டான். அவன் காரைச் சுற்றி வந்து முன்கதவைத் திறக்கும்வரைக்கும் நேரம் இருந்தது. தெரு குறுகல், நடுவில் யாரும் இல்லை, நான் பேசும் குரலில் கூப்பிட்டிருந்தாலே கேட்டிருக்கும். ஒரு கையைத் தூக்கியிருந்தாலே போதும், வண்டி கிளம்பியிருக்காது.

கூப்பிடலாம் என்று வாயைக்கூடத் திறந்தேன், மேடம். அப்போது பாப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். திடீரென்று என்னைப் பார்த்தால் குழந்தை பயந்துவிடுமே என்றுதான் பேசாமல் இருந்துவிட்டேன்.